பெர்லினுக்கும் பார்சலோனாவுக்கும் நடுவே லியோ லக்ராஞ்ச்

லியோ லக்ராஞ்சைப் பற்றி எங்கே பேசத் தொடங்கினாலும் என் பேச்சு ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது. 1936 ஜூன் மாதம் பிரான்ஸில் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தபோது, உழைப்பவரின் ஓய்வு நேரத்தையும் விளையாட்டையும் சேர்த்து ஒரே அரசுப் பொறுப்பாக்கினார்கள். அந்தத் துணை அமைச்சர் பதவியை ஏற்ற சோசலிஸ்ட் அவர். அப்போது வயது 35. புதுச்சேரியில் ஒரு படிப்பு வட்டத்தில் அவரைப் பற்றி நான் பேசி முடித்தபோது, நெடுங்காலம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர் எழுந்து, “எல்லாம் சரிதான் தோழர், அதே ஆண்டு ஹிட்லர் நடத்திய ஒலிம்பிக்குக்கு அணியை அனுப்பப் பணம் ஒதுக்கியது எந்த அரசு? அந்த அரசில் விளையாட்டுக்குப் பொறுப்பு யார்?” என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். அரசின் இக்கட்டு, காலத்தின் நெருக்கடி, முந்தைய அரசு விட்டுச்சென்ற சுமை என்று காரணங்களை அடுக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அந்தக் காரணங்களை நானே எவ்வளவு தூரம் நம்புகிறேன் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

லக்ராஞ்சை நேசிப்பவர்கள் அந்தப் பணத்துக்காக நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகிறார்கள்; வெறுப்பவர்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது. இரண்டு வழியும் எனக்கு உகந்ததாக இல்லை. அவருடைய வாழ்க்கையின் எல்லா இழைகளும் வந்து முடிச்சிட்டுக்கொண்ட இடம் 1936 ஜூலை மாதம் என்பதே என் எண்ணம். அதனால் அந்த மாதத்தை மெதுவாகச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

நச்சுப்புகை தின்ற நுரையீரல்கள்

1900 நவம்பரில் ழிரோந்த் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் பிறந்தவர் லக்ராஞ்ச். பாரிஸில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 1917இல், கட்டாயப் படைச்சேவைக்கான வயது வருமுன்பே தாமாக முன்வந்து முதல் உலகப் போருக்குச் சென்றார். திரும்பி வந்தவர் சட்டமும் அரசியலும் படித்தார், சாரணர் இயக்கத்தில் இளைஞர்களை வழிநடத்தினார், வழக்கறிஞரானார். 1920 டிசம்பரில் தூர் நகர மாநாட்டில் சோசலிஸ்ட் கட்சி பிளந்து, பெரும்பான்மையினர் கம்யூனிஸ்ட் அகிலத்தின் பக்கம் போனார்கள். பின்னாளில் மக்கள் முன்னணி அரசின் பிரதமரான லியோன் ப்ளுமுடன் எஞ்சிய சிறுபான்மையின் பக்கத்தையே இளம் லக்ராஞ்ச் தேர்ந்தெடுத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளையும் பணிகளையும் பார்த்தால், பின்னால் வந்த அமைச்சர் எங்கிருந்து வந்தார் என்பது விளங்கும். போர்முனையில் நச்சுப்புகையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்கள், காசநோயோடு வீடு திரும்பியவர்கள், ஓய்வூதியத்துக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் ஆகியோருக்காக அவர் உழைத்தார். உடம்பு என்பது அவருக்கு அழகின் பொருளாகவோ நாட்டின் வீரத்தைக் காட்டும் சின்னமாகவோ முதலில் தோன்றவில்லை. அரசு வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தராத ஒன்றாகவே தோன்றியிருக்கிறது. விளையாட்டைப் பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் பெரும்பாலும் பதக்கத்திலிருந்து தொடங்குவார்கள். லக்ராஞ்ச் மூச்சிலிருந்து தொடங்கினார் என்று நான் நினைத்துக்கொள்வது இதனால்தான்.

1932இல் வடக்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டிய அவேன் பகுதியிலிருந்து அவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். நெசவாலைகளின் வட்டாரம் அது. 1891 மே நாளில் எட்டு மணி நேர வேலை கேட்டு ஊர்வலம் வந்தவர்களைப் படை சுட்டுக் கொன்ற ஃபூர்மி நகரமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், மீதி எட்டு மணி நேரம் நமக்கு என்ற பழைய தொழிற்சங்கக் கணக்கில், அந்த மூன்றாவது எட்டு என்னவாகும் என்பதைக் கேட்கும் வேலைதான் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் கைக்கு வந்தது.

ஓய்வுக்கு ஒரு அமைச்சர்

மக்கள் முன்னணியின் சட்டங்கள் விரைவாக வந்தன. 1936 ஜூன் 20இல் ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுப்பு. மறுநாளே வாரத்துக்கு 40 மணி நேர வேலை. ஆலைகளைத் தொழிலாளர்கள் கையகப்படுத்தி உள்ளேயே அமர்ந்திருந்த வேலைநிறுத்தங்களின் விளைச்சல் அவை. லக்ராஞ்ச் அந்தச் சட்டங்களை எழுதியவர் அல்லர். ஆனால் சட்டம் தந்த நேரம் வெறும் காலியிடமாக இருந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலையாக இருந்தது. வலதுசாரி ஏடுகள் அவரைச் “சோம்பல் அமைச்சர்” என்று ஏசின. இந்த ஏச்சை எங்கே படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆண்டு முழுவதும் தறியோடு நின்றவர் இரண்டு வாரம் உட்கார்ந்தால் அதைச் சோம்பல் என்று சொல்பவர், தாம் ஆண்டுதோறும் கடற்கரை மாளிகையில் கழித்த கோடைக்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

அவர் செய்த காரியங்களுள் மிகவும் அறியப்பட்டது ரயில் பயணச்சீட்டு. ரயில்கள் அப்போது தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தன. அரசு ரயில்வே 1938இல்தான் உருவானது. நிறுவனங்கள் தயங்கின. லக்ராஞ்ச் விடாமல் பேசி, விடுப்பில் செல்லும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் கட்டணத்தில் 40 விழுக்காடு குறைத்த சீட்டை ஆகஸ்ட் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் கோடையிலேயே சுமார் 6 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். மக்கள் அதற்கு அவருடைய பெயரையே சூட்டி, ‘லக்ராஞ்ச் சீட்டு’ என்றார்கள். அன்று கடற்கரைகளில் எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்தால் நாடே கடலுக்குக் கிளம்பிவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் அந்தக் கோடையில் வீட்டிலேயே இருந்தார்கள், அல்லது கிராமத்து உறவினரைப் பார்க்கப் போனார்கள். ஊதியத்தோடு விடுப்பு கிடைத்தாலும் விடுதியில் தங்கப் பணம் வேண்டுமே. இதைச் சொல்வதால் அந்தச் சீட்டின் பெருமை குறைந்துவிடாது. கிராமத்தில் இருந்த தாயைப் பார்க்கப் போவதும் பயணம்தான்.

விளையாட்டில் அவர் எடுத்த நிலைப்பாடு எனக்கு இன்னும் முக்கியமானது. 1937 மார்ச்சில் அவர் தொடங்கிய ‘மக்கள் விளையாட்டுச் சான்றிதழ்’ ஒரு போட்டியே அல்ல. ஓட்டம், தாண்டுதல், எறிதல், கயிறு ஏறுதல் போன்றவற்றில் அவரவர் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற ஓர் அளவை எட்டினால் சான்றிதழ் கிடைக்கும். யாரையும் தோற்கடிக்கத் தேவையில்லை. முதல் ஆண்டிலேயே லட்சக்கணக்கானோர் அதற்காக வந்து நின்றார்கள். பெண்களும் நின்றார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்வி அமைச்சர் ழான் ஸேயுடன் சேர்ந்து, பள்ளி நேரத்துக்குள்ளேயே உடற்பயிற்சிக்கும் திறந்தவெளி விளையாட்டுக்கும் இடம் தரும் முயற்சியை முதலில் மூன்று மாவட்டங்களில் சோதித்துப் பார்த்தார்கள். இளைஞர் விடுதிகள் பெருகின. ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் தங்குவதா என்று பழமைவாதிகள் கொதித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்கும் ஓர் ஆட்டத்தைவிட, பலர் இறங்கி ஆடும் சிறு திடல்கள் பலவற்றையே அவர் விரும்பினார். அவருடைய மனைவி மத்லேனும் அந்தச் சிறிய அலுவலகத்தில் உடன் உழைத்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்காமல் போனால் ஜூலை மாதம் விளங்காது. உழைப்பாளரின் ஓய்வை அரசு ஒழுங்குபடுத்துவது அப்போது புதிய எண்ணமே அல்ல. இத்தாலியில் முசோலினி 1925இலேயே அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார். ஜெர்மனியில் நாஜிகள் 1933இன் இறுதியிலிருந்து ‘மகிழ்ச்சியின் வழியே வலிமை’ என்ற பெயரில் மலிவுப் பயணங்களையும் உடற்பயிற்சி வகுப்புகளையும் நடத்திக்கொண்டிருந்தார்கள். மலிவுச் சீட்டு, மலையேற்றம், பாட்டு, உடற்பயிற்சி ஆகிய அதே பொருட்கள் அங்கேயும் இருந்தன. இந்த ஒற்றுமையின் ஆபத்தை லக்ராஞ்ச் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார். மக்களாட்சி நடக்கும் ஒரு நாட்டில் மக்களின் பொழுதுபோக்கைப் படை ஒழுங்குக்குள் கொண்டுவருவதற்கோ, திறமையாகப் பங்கிட்டுக் கொடுத்த மகிழ்ச்சியைச் சிந்திக்காமலிருப்பதற்கான வழியாக மாற்றுவதற்கோ இடமில்லை என்ற பொருள்பட அவர் பேசினார். தொழிலாளியும் உழவரும் வேலையற்றவரும் ஓய்வில் வாழ்வின் மகிழ்ச்சியையும் தம் கண்ணியத்தின் உணர்வையும் காண வேண்டும் என்றார். சீருடை போட்ட அரசு அமைப்பு ஒன்றைக் கட்டாமல், ஏற்கெனவே இருந்த சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் கைகொடுப்பதையே தம் வழியாகக் கொண்டார். ஐரோப்பாவில் விளையாட்டு எதற்காகக் கடத்திச் செல்லப்படுகிறது என்பதை அவரைவிடத் தெளிவாக அறிந்த அரசியல்வாதிகள் அன்று அதிகம் இல்லை. என் நண்பரின் கேள்வி இவ்வளவு கூர்மையாகக் குத்துவதற்குக் காரணமே இந்தத் தெளிவுதான்.

ஜூலை 9

பெர்லின் ஒலிம்பிக் என்றதும் நமக்குத் தியான் சந்தும் ஜெஸ்ஸி ஓவன்ஸும் நினைவுக்கு வருகிறார்கள். போட்டி தொடங்குமுன் பல நாடுகளில் நடந்த வாக்குவாதம் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் வந்து யூதர்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டன. 1936 மார்ச்சில் ஹிட்லரின் படை, தனக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த ரைன் பகுதிக்குள் நுழைந்தது; பிரான்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது. யூத விளையாட்டு வீரர்கள் ஜெர்மானியச் சங்கங்களிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இந்த நிலையில் பெர்லினுக்குப் போகக் கூடாது என்று தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்கள் குரல் எழுப்பின. 1934 டிசம்பரில் சோசலிஸ்ட் சங்கமும் கம்யூனிஸ்ட் சங்கமும் இணைந்து உருவான பிரெஞ்சுத் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பு அதில் முன்னணியில் நின்றது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஒகுஸ்த் தெலோன் பின்னாளில், 1943இல், நாஜி ஆக்கிரமிப்பின்போது சித்திரவதையில் உயிரிழந்தார்.

எதிர்ப்பு வெறும் மறுப்பாக நிற்கவில்லை. ஜூலை 19 முதல் 26 வரை பார்சலோனாவில் ஒரு மக்கள் ஒலிம்பியாட் நடத்துவதென்று முடிவாயிற்று. ஸ்பெயினின் கத்தலோனியப் பகுதி அரசும் அதன் தலைவர் லூயிஸ் கொம்பானிஸும் துணை நின்றார்கள். சுமார் 6,000 பேர் பதிந்திருந்தார்கள். வெளிநாட்டு அணிகளுள் பிரான்ஸிலிருந்து வந்ததே மிகப் பெரியது. உலகச் சாதனையாளரும் ஊர்ச் சங்கத்து ஆட்டக்காரரும் ஒரே திடலில் இறங்கும்படி அதன் போட்டிகளை வகுத்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து தப்பியோடிய யூத வீரர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. லக்ராஞ்ச் ஓய்வைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் சொல்லி வந்த அனைத்தும் ஒரு வாரத்துக்கு உருவம் பெற்று நிற்கப்போகும் இடம் அது.

ஜூலை 9ஆம் நாள் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பெர்லின் செலவுக்கான ஒதுக்கீடு வாக்கெடுப்புக்கு வந்தது. ப்ளும் அரசின் முடிவு இரண்டுக்கும் கொடுப்பது என்பதாக இருந்தது: பெர்லினுக்குப் பெரிய தொகை, பார்சலோனாவுக்கு அதைவிடச் சிறிய தொகை. வலதுசாரிகள் பெர்லின் ஒதுக்கீட்டை ஆதரித்தார்கள். இடதுசாரிகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள், கம்யூனிஸ்டுகளும் அப்படியே. எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர்: 29 வயதான பியேர் மாந்தேஸ் பிரான்ஸ். அவர் சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவரும் அல்லர். ஆளும் கூட்டணியிலிருந்த ராடிக்கல் கட்சிக்காரர். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்தபோது பிரான்ஸின் பிரதமராக இருந்தவர் அவர்தான். பெரும்பான்மை போகும் வழியில் தமக்கு நியாயம் தெரியாவிட்டால் தனியே நிற்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே இருந்திருக்கிறது.

லக்ராஞ்சின் பக்கம் நின்று அந்த நாளைப் பார்க்க நான் முயன்றிருக்கிறேன். அரசு அமைந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஆலைகளில் வேலைநிறுத்தம் இன்னும் முழுதாக ஓயவில்லை. பணக்காரர்களின் மூலதனம் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. ப்ளும் யூதர் என்பதற்காகவே வலதுசாரி ஏடுகள் அவரை நாள்தோறும் இழிவுபடுத்திக்கொண்டிருந்தன. பெர்லினைப் புறக்கணித்தால், தம் இனத்துக்காக நாட்டின் விளையாட்டைப் பலி கொடுத்தார் ப்ளும் என்று அவை எழுதியிருக்கும். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தானின் நாடு பிரான்ஸ். அதன் ஒலிம்பிக் குழுவும் விளையாட்டுக் கூட்டமைப்புகளும் போகவே விரும்பின, அவை அரசின் கட்டளைக்கு உட்பட்டவையும் அல்ல. ஜெர்மனியை வெளிப்படையாகச் சீண்டவும் அரசுக்கு மனமில்லை. இத்தனைக்கும் மேலாக, லக்ராஞ்ச் அமைச்சரவையின் மூத்தவர் அல்லர். சுகாதார அமைச்சகத்தின் கீழிருந்த ஒரு துணை அமைச்சர். பார்சலோனாவுக்கு அரசுப் பணம் கிடைக்கச் செய்ததே ஒரு வெற்றி என்று அவர் கருதியிருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மீதம் இருக்கிறது. இரண்டுக்கும் பணம் கொடுப்பதாலேயே அவை இரண்டும் ஒரே தன்மையுடைய விழாக்கள் என்று அரசு சொல்லிவிட்டது. ஒன்று இந்தப் பக்கத்து ரசனை, மற்றொன்று அந்தப் பக்கத்து ரசனை என்பதுபோல ஆகிவிட்டது. ஆனால் பெர்லினுக்கு எதிராகவே பார்சலோனா கூட்டப்பட்டது. பார்சலோனா மறுக்கும் பெர்லினுக்கும் அதே பெட்டியிலிருந்து பணம் போகிறதென்றால் அந்த மறுப்புக்கு என்ன பொருள்? மகிழ்ச்சியைச் சிந்திக்காமைக்கான வழியாக மாற்றுவது பற்றி எச்சரித்தவருக்கு, அந்த மாற்றத்தின் மிகப் பெரிய காட்சிதான் பெர்லினில் அரங்கேறப்போகிறது என்பது தெரியாமலிருக்க முடியாது.

அந்த நான்கு வாரங்கள்

வாக்கெடுப்புக்குப் பின் நடந்தவற்றை நாள் வரிசையில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. அடுத்த வாரமே, யூதப் பெண்ணான உயரம் தாண்டும் வீராங்கனை கிரெட்டல் பெர்க்மனுக்கு, ஜெர்மானிய அணியில் இடமில்லை என்ற கடிதம் வந்தது. ஜூன் மாதத்தில்தான் அவர் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மானியச் சாதனையைச் சமன் செய்திருந்தார். அமெரிக்க அணி கப்பலேறும்வரை அவரைப் பயிற்சி முகாமில் வைத்துக் காட்டிவிட்டு, இனி யாரும் திரும்பிப் போக மாட்டார்கள் என்று உறுதியானதும் வெளியே அனுப்பினார்கள். பெர்லினுக்குப் போகலாம், அங்கே நியாயமாக நடந்துகொள்வதாக வாக்களித்திருக்கிறார்கள் என்று சொன்ன எல்லா நாட்டு அதிகாரிகளுக்குமான பதில் அந்தக் கடிதத்தில் இருந்தது.

ஜூலை 18ஆம் நாள் மாலை, பார்சலோனாவில் தொடக்க விழாவுக்காகச் செல்லோ இசைக் கலைஞர் பாப்லோ கசால்ஸ் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்பெயினின் குடியரசுக்கு எதிரான படைத் தளபதிகளின் கிளர்ச்சிச் செய்தி வந்தது. இசைக்குழுவினர் கலைந்து போகுமுன் கடைசிப் பகுதியை முழுதாக வாசித்துவிட்டே சென்றார்கள். மறுநாள் காலை, ஓட வந்திருந்தவர்கள் துப்பாக்கிச் சத்தத்தில் கண் விழித்தார்கள். ஒலிம்பியாட் நடக்கவே இல்லை. பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டு வீரர்களில் ஒரு சிலர் அங்கேயே தங்கிக் குடியரசின் படையணிகளில் சேர்ந்தார்கள். லக்ராஞ்சின் சமரசத்தில் ஒரு தட்டு இப்படி இல்லாமல் போயிற்று. எஞ்சியது பெர்லின் மட்டும்.

ஜூலை 30ஆம் நாள் நம் பக்கம் வருகிறது. பிரான்ஸின் ஆலைத் தொழிலாளர்கள் ஜூனில் செய்ததைப்போலவே, புதுச்சேரியின் சவானா ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு ஆலைக்குள் அமர்ந்திருந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் வழிகாட்டலில் வளர்ந்த போராட்டம் அது. பிரெஞ்சிந்திய அரசின் துப்பாக்கிகள் 12 பேரைக் கொன்றன. பாரிஸில் அமர்ந்திருந்தது சோசலிஸ்ட் பிரதமரின் அரசு. காலனிகளுக்கான அமைச்சர் மரியுஸ் முத்தேயும் சோசலிஸ்ட்தான். எட்டு மணி நேர வேலைக்கான சட்டம் மறு ஆண்டுதான் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. லக்ராஞ்சுக்குக் காலனிகளில் அதிகாரம் இல்லை. அந்த இரத்தத்தை அவர் கணக்கில் எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் ஃபூர்மியில் 1891இல் நடந்ததை நெஞ்சில் வைத்திருந்த ஒரு கட்சியின் ஆட்சியில், அதே கோரிக்கைக்கு அதே பதில் கடலூர்ச் சாலையில் கிடைத்தது. தொழிலாளியின் ஓய்வு என்பது எந்த எல்லைவரை செல்லுபடியாகும் என்று அந்த அரசு நினைத்திருந்தது என்பதை இந்த நாள் காட்டுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30இல் தொழிற்சங்கங்கள் அந்தப் பன்னிருவருக்கு வணக்கம் செலுத்தும்போது, அந்தக் கோடையின் மற்ற நாட்களும் எனக்கு அதனோடு சேர்ந்தே வருகின்றன.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 1இல், பெர்லின் அரங்கில் பிரெஞ்சு அணி அணிவகுத்து வந்தது. ஒலிம்பிக் வணக்கமாக வீரர்கள் வலக்கையை நீட்டினார்கள். அரங்கம் அதை நாஜி வணக்கமாக எடுத்துக்கொண்டு அதிர அதிர ஆர்ப்பரித்தது. நோக்கம் வேறு என்று பின்னால் எவ்வளவு விளக்கினாலும் அந்த ஆர்ப்பரிப்பைத் திரும்பப் பெற முடியாது. ஏறக்குறைய அதே நாட்களில், பிரான்ஸின் ரயில் நிலையங்களில் லக்ராஞ்ச் சீட்டோடு முதல் குடும்பங்கள் ரயிலேறிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே அரசின் வேலை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க என்னால் முடியவில்லை.

இறப்பு கழுவித் தருமா

மக்கள் முன்னணி நீடிக்கவில்லை. இடையில் ஒரு சிறு விலகலைத் தவிர்த்தால் 1938 ஏப்ரல்வரை லக்ராஞ்ச் பொறுப்பில் இருந்தார். போர் வந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர் என்ற முறையில் அவர் போர்முனைக்குப் போகாமல் இருந்திருக்கலாம்; அவர் போனார். 1940 ஜூன் 9ஆம் நாள், ‘ஏன்’ (Aisne) என்ற மாவட்டத்தின் எவெர்ஞிகூர் என்ற ஊரில், பீரங்கிப் படையின் இளநிலை அதிகாரியாக நின்றிருந்தபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 39.

அடுத்த மாதமே, நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு வந்தது. புகழ்பெற்ற டென்னிஸ் வீரர் ழான் பொரோத்ரா அதன் விளையாட்டு ஆணையரானார்; டிசம்பரில் ஒரு விளையாட்டுச் சாசனம் இயற்றிச் சங்கங்களை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். இளைஞரின் உடற்பயிற்சிக்கு விஷி அரசு லக்ராஞ்சின் அரசைவிடக் கூடுதலாகவே செலவழித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொடியேற்றமும் உறுதிமொழியுமாகத் திடல்கள் நிறைந்தன. லக்ராஞ்ச் 1936இல் எச்சரித்த ஒழுங்கு அதுதான். அவருடைய தோழர் ழான் ஸே சிறையில் வாடி, 1944 ஜூனில் விஷியின் துணைப்படையினரால் காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். போருக்குப் பின், பின்னாளில் பிரதமரான பியேர் மொருவா என்ற இளம் சோசலிஸ்ட், லக்ராஞ்சின் பெயரால் மக்கள் கல்விக்கான ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். பிரான்ஸின் எத்தனையோ ஊர்களில் திடல்களுக்கும் நீச்சல் குளங்களுக்கும் அவர் பெயர் இருக்கிறது. ஆண்டு விடுப்புச் சலுகைச் சீட்டு, தள்ளுபடி குறைந்தாலும், இன்னும் வழக்கில் இருக்கிறது.

லக்ராஞ்சைப் பற்றிய நினைவுரைகள் பெரும்பாலும் எவெர்ஞிகூரில் வந்து முடிகின்றன. ஹிட்லரின் படையை எதிர்த்து இறந்தவரிடம் ஹிட்லரின் ஒலிம்பிக்கைப் பற்றிக் கேட்பது தகாது என்ற உணர்வு அவற்றில் ஓடுகிறது. அந்த இறப்பின் முன் எனக்கும் தலை தாழ்கிறது. ஆனாலும் இறப்பு வாக்கெடுப்பைக் கழுவித் தரும் என்று நான் ஏற்கவில்லை. அப்படி ஏற்றுக்கொண்டால், ஒரு முடிவு எடுக்கப்பட்ட நாளில் அது சரியா தவறா என்று கேட்கும் பொறுப்பிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம். லக்ராஞ்சின் துணிச்சலில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டு உலகப் போர்களிலும் தாமாகவே போர்முனைக்குப் போனவர் அவர். ஜூலை 9இல் தேவைப்பட்டது வேறு வகைத் துணிச்சல். தம் கட்சி, தம் தலைவர், தாம் நேசித்த அரசு ஆகியவற்றின் முன்னால் இந்தச் சமரசம் தம் கொள்கையோடு பொருந்தாது என்று சொல்லும் துணிச்சல் அது. மாந்தேஸ் பிரான்ஸுக்கு அது எளிதாக வாய்த்தது என்று சிலர் சொல்வார்கள். அவர் அமைச்சர் அல்லர், அவர் ஒருவருடைய வாக்கு எதையும் மாற்றாது என்பதும் அவருக்குத் தெரியும். உண்மைதான். பொறுப்பில் இருப்பவரின் ‘இல்லை’க்கு விலை அதிகம். லக்ராஞ்ச் பதவி விலகியிருந்தால் சான்றிதழும் பள்ளிச் சோதனையும் வேறு யார் கையில் என்ன ஆகியிருக்குமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால் அவர் விலகியிருக்க வேண்டும் என்று நான் சொல்லத் துணியவில்லை.

ஆனால் விலகுவதற்கும் உடன்படுவதற்கும் நடுவே ஒரு வழி இருந்தது. அணியைத் தடுக்காமல், பயணத்தையும் தடை செய்யாமல், பெர்லினுக்கு அரசுப் பணம் மட்டும் இல்லை என்று அறிவித்திருக்கலாம். ஒலிம்பிக் குழு விரும்பினால் தன் செலவில் போகட்டும். அரசின் காசும் அரசின் பெயரும் பார்சலோனாவுக்கு மட்டும் போகட்டும். விளையாட்டுச் சங்கங்களின் தன்னுரிமையைக் காப்பதாகச் சொன்ன அரசுக்கு அந்தக் கொள்கையோடும் பொருந்திய வழி அது. வலதுசாரிகள் கூச்சலிட்டிருப்பார்கள், ஒருவேளை வாக்கெடுப்பில் அரசு தோற்றும் இருக்கலாம். அந்தத் தோல்வியைத் தாங்கியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். அந்த முன்மொழிவைப் பொறுப்பிலிருந்த எவரும் அவையின் முன் வைக்கவில்லை. வைக்கும் தகுதி அன்று அந்த அரசில் மற்ற எவரையும்விட லக்ராஞ்சுக்கே இருந்தது.